கான்ஃபிகரேஷன் மேனேஜரின் தரவுத்தளத்துக்கு எந்த அடையாளச் சரிபார்ப்பு முறை: விண்டோஸ் மட்டுமா, மிக்ஸட் மோடா?

கேள்வி: 2024 செப்டம்பர் 9, காலை

எங்கள் அலுவலகத்தில் கான்ஃபிகரேஷன் மேனேஜரை (நிறுவனத்தின் கணினிகள் எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) புதிதாக நிறுவ ஏற்பாடு நடக்கிறது. நிறுவலுக்கு முந்தைய சோதனையை ஓட்டிப் பார்த்தபோது மற்ற எல்லாம் பச்சையில் வந்தன. ஒரு வரி மட்டும் மஞ்சளில் நின்றது. அதன் தரவுத்தளத்தை வைத்திருக்கும் எஸ்க்யூஎல் சர்வரின் பாதுகாப்பு முறை, விண்டோஸ் கணக்குகளை மட்டும் ஏற்கும் விண்டோஸ் அடையாளச் சரிபார்ப்பில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளச் சொல்கிறது. எங்கள் தரவுத்தளக் குழுவினர் எப்போதும் மிக்ஸட் மோடில்தான் நிறுவுவார்கள்; அதில் விண்டோஸ் கணக்குகளோடு எஸ்க்யூஎல் லாகினும், அதாவது எஸ்க்யூஎல் சர்வரின் சொந்தப் பெயரும் கடவுச்சொல்லும், செல்லும். எஸ்ஏ (எஸ்க்யூஎல் சர்வரோடு கூடவே வரும் தலைமை நிர்வாகி லாகின்) இல்லாத சர்வரைத் தங்களால் பராமரிக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. இது எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று கடந்து போய்விடலாமா?

செப்டம்பர் 9, மாலை

கடந்து போனாலும் நிறுவல் முடியும். ஆனால் அந்த மஞ்சள் வரி எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

கான்ஃபிகரேஷன் மேனேஜர் தன் தரவுத்தளத்தோடு பேசுவதற்கு எஸ்க்யூஎல் லாகின் எதையும் பயன்படுத்துவதில்லை. சைட் சர்வரின் (கான்ஃபிகரேஷன் மேனேஜர் ஓடும் இயந்திரம்) கணினிக் கணக்கு, அதாவது பெயரின் கடைசியில் டாலர் குறி போட்ட அந்தக் கணக்கு, எஸ்க்யூஎல் சர்வரில் சிஸ்அட்மின் என்ற முழு நிர்வாகி உரிமையோடு இருக்க வேண்டும். எல்லா இணைப்புகளும் விண்டோஸ் அடையாளத்தின் மீதே நடக்கும். அப்டேட்களுக்காக அதோடு இணைந்து வேலை செய்யும் டபிள்யூசஸும் (விண்டோஸ் அப்டேட்களை வினியோகிக்கும் சேவை) விண்டோஸ் அடையாளத்தை மட்டுமே ஏற்கிறது. ஆகவே எஸ்க்யூஎல் சர்வர் மிக்ஸட் மோடில் இருந்தாலும் இந்த மென்பொருளுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை, விண்டோஸ் மட்டும் முறைக்கு மாறினால் எந்த இழப்பும் இல்லை. மிக்ஸட் மோடை விட்டுவைத்தால், இந்த மென்பொருள் ஒருநாளும் பயன்படுத்தாத இரண்டாவது வாசல் ஒன்று திறந்தே கிடக்கும்.

அந்த வாசலுக்குப் பின்னால் இருப்பது சாதாரணத் தரவுத்தளமும் அல்ல. நிறுவனத்தின் ஒவ்வொரு கணினியிலும் லோக்கல் சிஸ்டம் என்ற உச்ச உரிமையோடு எந்த நிரலையும் ஓட்டக்கூடிய ஓர் அமைப்பின் மூளை அது. சைட் தரவுத்தளத்தில் தன் பெயரை முழு நிர்வாகியாக எழுதிக்கொள்ள முடிந்த ஒருவன், கன்சோலைத் திறந்து மறுநாள் காலைக்குள் எல்லா மேசைக் கணினிகளுக்கும் தான் விரும்பியதை அனுப்பிவிடலாம். என் பதில்: விண்டோஸ் மட்டும்.

செப்டம்பர் 10

தரவுத்தளக் குழுவின் வாதத்தை நேற்று தொடாமல் விட்டுவிட்டேன்.

எஸ்ஏ தேவை என்று அவர்கள் சொல்வதற்குள் பெரும்பாலும் இரண்டு வேறு தேவைகள் கலந்திருக்கின்றன. தரவுத்தளங்களுக்கும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஏஜென்ட் வேலைகளுக்கும் உரிமையாளராக எஸ்ஏ இருக்க வேண்டும் என்பது ஒன்று. அதில் தவறில்லை, உண்மையில் நல்ல வழக்கம், ஏனென்றால் வேலையை விட்டுப் போன ஒருவரின் டொமைன் கணக்கு (அலுவலக வலை முழுதும் செல்லும் விண்டோஸ் கணக்கு) உரிமையாளராக நின்று பிறகு சிக்கல் கொடுப்பதை அது தவிர்க்கிறது. ஆனால் எஸ்ஏ முடக்கப்பட்டிருந்தாலும் உரிமையாளராக நீடிக்க முடியும். அதன் பெயரிலுள்ள வேலைகளும் குறித்த நேரத்தில் ஓடும். இரண்டாவது, எஸ்ஏவின் பெயரிலும் கடவுச்சொல்லிலும் உள்நுழைய வேண்டும் என்பது. இதற்குத்தான் மிக்ஸட் மோட் வேண்டும், இதைத்தான் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். நான்கு பேர் ஒரே எஸ்ஏவில் நுழைந்து வேலை செய்தால், ஓர் அட்டவணையை அழித்தவர் யார் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. டொமைன் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் தரவுத்தள நிர்வாகிகளுக்கு ஒரு குழுவை உருவாக்கி, அதற்குச் சிஸ்அட்மின் கொடுத்துவிட்டால் அவர்களுடைய வேலை எதுவும் நிற்காது.

மாற்றும் வழிமுறை எளிது. எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் சர்வரின் பண்புகளுக்குள் பாதுகாப்புப் பக்கத்தில் தேர்வை மாற்றி, சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். உள்ளே நடப்பது, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லாகின்மோட் என்ற மதிப்பு 2-இலிருந்து 1-க்கு மாறுவதுதான். ஏற்கெனவே உள்ள எஸ்க்யூஎல் லாகின்கள் அழிவதில்லை, நுழைய மட்டும் முடியாது. திரும்ப மிக்ஸட் மோடுக்குப் போனால் அவை அப்படியே உயிர்பெறும். ஆகவே முடிவை மாற்றிக்கொள்ள வழி உண்டு என்ற தைரியத்தில் செய்யலாம்.

விண்டோஸ் மட்டும் முறையில் முதலில் நிறுவிவிட்டுப் பிறகு மிக்ஸட் மோடுக்கு மாற்றுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அங்கே எஸ்ஏ முடக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். முறையை மாற்றியதோடு அது தானாக விழித்துக்கொள்ளாது.

செப்டம்பர் 10, இரவு

மாற்றுவதற்கு முன் யார் யார் எஸ்க்யூஎல் லாகினில் வருகிறார்கள் என்று பார்க்காமல் கை வைக்க வேண்டாம். சிஸ்.டிஎம்_எக்ஸெக்_கனெக்ஷன்ஸ் என்ற காட்சியில் ஆத்_ஸ்கீம் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் நேராக கெர்பெரோஸ், என்டிஎல்எம், எஸ்க்யூஎல் என்ற மூன்றில் ஒன்றைக் காட்டும். முதல் இரண்டும் விண்டோஸ் அடையாள முறைகள்; கெர்பெரோஸ் டிக்கெட் கொண்டு நடப்பது, என்டிஎல்எம் பழையது. எஸ்க்யூஎல் என்று வரும் வரிகள்தான் மாற்றத்துக்குப் பிறகு கதவில் நின்று கூச்சல் போடப் போகிறவை. ஆனால் அந்தக் காட்சி அந்த நொடியில் திறந்திருக்கும் இணைப்புகளை மட்டுமே சொல்லும். மாதக் கடைசியில் ஒருமுறை வந்து அறிக்கை எடுத்துப் போகும் நிரல் அதில் சிக்காது. வெற்றிபெற்ற உள்நுழைவுகளையும் பதிவுசெய்யும்படி தணிக்கையை அமைத்து, குறைந்தது ஒரு மாதச் சுழற்சியாவது கடக்கும் வரை பொறுப்பது நல்லது.

செப்டம்பர் 12

மேலே ஒருவர், 2003-இல் வந்த ஸ்லாமர் புழு எஸ்ஏவின் வெற்றுக் கடவுச்சொல்லால்தான் பரவியது, அதனால்தான் எல்லோரும் மிக்ஸட் மோடைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இது பலரும் சொல்லும் கதை, ஆனால் இரண்டு புழுக்கள் இதில் ஒன்றாகிவிட்டன. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர், யுடிபி 1434-ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருந்த சேவையின் நினைவக நிரம்பல் ஓட்டையைப் பயன்படுத்தியது. அதற்கு லாகினும் தேவைப்படவில்லை, கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. அன்று விண்டோஸ் மட்டும் முறையில் இருந்த சர்வர்களும் திருத்தம் போடப்படாமல் இருந்தால் விழுந்தன. எஸ்ஏவின் வெற்றுக் கடவுச்சொல்லைத் தேடி டிசிபி 1433-இல் கதவு கதவாகத் தட்டியது அதற்கு முந்தைய ஆண்டு, 2002 மே மாதம் வந்த ஸ்பைடா.

அந்த வேறுபாடு நம் கேள்விக்கு முக்கியமானது. அடையாளச் சரிபார்ப்பு முறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஸ்பைடா வகைத் தாக்குதலிலிருந்து தப்பலாம். ஸ்லாமர் வகையிலிருந்து தப்ப திருத்தமும் ஃபயர்வாலும்தான் வழி.

அந்தக் காலத்தில் எஸ்க்யூஎல் லாகினுக்கு இன்னொரு குறையும் இருந்தது. குறியாக்கம் இல்லாத இணைப்பில் கடவுச்சொல் மிக எளிதாகத் திருப்பி எடுக்கக்கூடிய ஒரு மறைப்போடுதான் வலையில் போனது. 2005 பதிப்பிலிருந்து, சான்றிதழ் எதுவும் அமைக்காவிட்டாலும் சர்வர் தானே ஒன்றை உருவாக்கி உள்நுழைவுப் பொதியை மறைக்கிறது. ஆகவே கடவுச்சொல் வலையில் பறிபோகும் என்ற பழைய வாதத்தை இன்று அப்படியே முன்வைப்பது நியாயமாகாது. கடவுச்சொல் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கோடு (நிரல் சர்வரோடு இணையத் தேவையான விவர வரி) ஒரு உரைக் கோப்பில் உட்கார்ந்திருக்கும் என்ற வாதம் மட்டும் அன்றும் இன்றும் அப்படியே நிற்கிறது.

செப்டம்பர் 12, பிற்பகல்

கடவுச்சொல்லைக் கோப்பில் வைக்காமல் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டால் போதுமே என்று கேட்டவருக்கு: எல்லோரும் மனப்பாடம் செய்யும் அளவுக்கு எளிதான கடவுச்சொல்லை ஸ்பைடாவின் பேரப்பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவிடும்.

செப்டம்பர் 18

விண்டோஸ் மட்டும் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, தேர்வை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். எஸ்க்யூஎல் லாகினில் வரும் சிக்கல்கள் வெளிப்படையானவை; விண்டோஸ் அடையாளத்தின் சிக்கல்கள் ஓசையில்லாமல் வரும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சைட் தரவுத்தளம் தனி இயந்திரத்தில் இருந்தது. எஸ்க்யூஎல் சேவை லோக்கல் சிஸ்டமாக ஓடுவதைத் தணிக்கையாளர்கள் ஆட்சேபித்ததால், குறைந்த உரிமை கொண்ட ஒரு டொமைன் கணக்குக்கு அதை மாற்றினார்கள். அறிவுரையாக அது சரியானதுதான். சேவை நிறுத்தப்பட்டு மீண்டும் எழுந்தது, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ அதே இயந்திரத்திலிருந்து இணைந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் கான்ஃபிகரேஷன் மேனேஜர் கன்சோல் திறக்கவில்லை. சைட் சர்வரின் பதிவுகளில் எஸ்எஸ்பிஐ (விண்டோஸ் அடையாளச் சரிபார்ப்பு இடைமுகம்) சூழலை உருவாக்க முடியவில்லை என்ற வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். லோக்கல் சிஸ்டமாக ஓடிய காலத்தில் அந்தச் சேவையின் எஸ்பிஎன் (கெர்பெரோஸ் ஒரு சேவையை அடையாளம் காணும் பெயர்), ஆக்டிவ் டைரக்டரியில் கணினிக் கணக்கின் மீது தானாகப் பதிவாகியிருந்தது. சேவை புதிய கணக்குக்கு மாறிய பிறகும் அந்தப் பதிவு பழைய இடத்திலேயே இருந்தது. சைட் சர்வர் டிக்கெட் (கெர்பெரோஸின் நுழைவுச் சீட்டு) கேட்டபோது, அதைத் தரும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் பழைய கணக்கின் சாவியால் பூட்டிய டிக்கெட்டைக் கொடுத்தது. புதிய கணக்கில் ஓடிய எஸ்க்யூஎல் சேவையால் அதைத் திறக்க முடியவில்லை. செட்எஸ்பிஎன் கட்டளையில் க்யூ விருப்பத்தால் தேடி, டி விருப்பத்தால் பழையதை நீக்கி, எஸ் விருப்பத்தால் புதிய கணக்கில் எழுதினார்கள். முழுப் பெயருக்கு ஒன்று, குறும்பெயருக்கு ஒன்று, இரண்டிலும் போர்ட் எண் 1433. அப்போதும் சரியாகவில்லை, ஏனென்றால் சைட் சர்வர் பழைய டிக்கெட்டை இன்னும் வைத்திருந்தது. லோக்கல் சிஸ்டம் அமர்வின் டிக்கெட்டுகளைக் காலி செய்ய, கேலிஸ்ட் கட்டளைக்கு 0எக்ஸ்3இ7 என்ற அமர்வு எண்ணைக் கொடுத்து பர்ஜ் செய்ய வேண்டும். நம் சொந்த அமர்வில் வெறுமனே பர்ஜ் செய்துவிட்டுக் காத்திருந்தால் நாள் முழுக்கக் காத்திருக்கலாம்.

எஸ்பிஎன் தவறான கணக்கில் இருந்தால் இப்படி இணைப்பே அறுந்துபோகும். எஸ்பிஎன் எங்குமே இல்லாவிட்டால் நடப்பது வேறு: இணைப்பு சத்தமில்லாமல் என்டிஎல்எம்-க்கு இறங்கி, எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே தோன்றும். விண்டோஸ் சர்வர் 2008 காலம் வரை, லோக்கல் சிஸ்டமாக ஓடும் சேவை அப்படி இறங்கினால் அனானிமஸ் லாகன் என்ற பெயரில் போய் நின்று 18456 என்ற உள்நுழைவுத் தோல்விப் பிழையை வாங்கிவரும். அதனால் கோளாறு உடனே தெரிந்தது. அதற்குப் பிந்தைய விண்டோஸில் கணினிக் கணக்கின் பெயரிலேயே போவதால் இணைப்பு கிடைத்துவிடுகிறது, யாரும் கவனிப்பதில்லை. ஆத்_ஸ்கீம் நெடுவரிசையில் சைட் சர்வரின் வரிகள் கெர்பெரோஸ் என்று காட்டுகின்றனவா என்று பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதற்காகத்தான்.

செப்டம்பர் 23

டொமைனே விழுந்துவிட்டால் எஸ்ஏதானே கைகொடுக்கும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். டொமைன் விழுந்தால் கான்ஃபிகரேஷன் மேனேஜரும் நின்றுவிடும். அந்த நேரத்தில் தரவுத்தளத்துக்குள் நுழைந்து சாதிக்க அதிகம் எதுவும் இல்லை. அப்படியும் நுழைய வேண்டுமென்றால், இயந்திரத்தின் உள்ளூர் நிர்வாகி சேவையை மைனஸ் எம் விருப்பத்தோடு தனிப்பயனர் நிலையில் தொடங்கி, சிஸ்அட்மினாக உள்ளே போகலாம். விண்டோஸ் முறை என்றால் டொமைன் கணக்கு மட்டுமே என்று பொருளல்ல, உள்ளூர் விண்டோஸ் கணக்கும் செல்லும்.

செப்டம்பர் 24

நேற்றைய பதிலை ஒரு நிபந்தனையோடு படிக்க வேண்டும். 2005 பதிப்பு வரை உள்ளூர் நிர்வாகிகள் குழு தானாகவே சிஸ்அட்மினாக இருந்தது. 2008-இலிருந்து அப்படிச் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே உள்ளூர் நிர்வாகிக்கு மிஞ்சுவது தனிப்பயனர் நிலை என்ற வழிதான், அது சேவையை நிறுத்தாமல் கிடைக்காது. சேவையை நிறுத்த முடியாத இடத்தில், பெட்டியில் பூட்டிவைத்த கடவுச்சொல்லோடு ஓர் உள்ளூர் விண்டோஸ் கணக்கை முன்கூட்டியே சிஸ்அட்மினாகச் சேர்த்து வைக்கலாம். எஸ்ஏ என்ற பெயர் உலகம் முழுவதற்கும் தெரியும், இந்தக் கணக்கின் பெயர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த அளவிலாவது இது மேல்.

செப்டம்பர் 30

மிக்ஸட் மோட் எங்கே நியாயம் என்று கேட்டார்கள். டொமைனில் சேராத லினக்ஸ் இயந்திரத்திலிருந்து வரும் செயலி, நம்பிக்கை உறவு இல்லாத வலையிலிருந்து இணையும் கருவி, எஸ்க்யூஎல் லாகினைத் தவிர வேறெதையும் அறியாத பழைய நிரல் ஆகியவற்றுக்கு அது தேவைதான். விண்டோஸ் முறைதான் என்று அடம்பிடித்து அவற்றை நிறுத்திவைப்பதில் பொருளில்லை. ஆனால் அவை சைட் தரவுத்தளம் இருக்கும் அதே இன்ஸ்டன்ஸில் (எஸ்க்யூஎல் சர்வரின் ஒரு தனி நிறுவல்) ஏன் இருக்க வேண்டும்? கான்ஃபிகரேஷன் மேனேஜர் உரிமத்தோடு கிடைக்கும் எஸ்க்யூஎல் சர்வர் உரிமம் அந்த மென்பொருளின் தரவுத்தளங்களுக்கு மட்டுமே பொருந்துகிறது. வேறு விற்பனையாளரின் தரவுத்தளத்தை அங்கே குடிவைத்தால் உரிமத்தையும் மீறுகிறோம், அந்த விருந்தாளிக்காக வீட்டின் பூட்டையும் மாற்றுகிறோம். முறை என்பது இன்ஸ்டன்ஸ் முழுமைக்குமான அமைப்பு, தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாற்றிவைக்க முடியாது. தனி இன்ஸ்டன்ஸ், அங்கே மிக்ஸட் மோட், குறைந்த உரிமையோடு ஒரு லாகின், கடவுச்சொல் கொள்கை கட்டாயம். இதோடு அந்த விவாதத்தை முடித்துவிடலாம்.

டிஎம்ஸெட்டில் (இணையத்துக்கும் உள்வலைக்கும் இடைப்பட்ட பகுதி) நிறுவிய மேனேஜ்மென்ட் பாயின்ட்டுக்கு (கணினிகள் கான்ஃபிகரேஷன் மேனேஜரோடு பேசும் இடம்) எஸ்க்யூஎல் லாகின் தேவைப்படாதா என்றும் ஒரு கேள்வி வந்தது. தேவையில்லை. நம்பிக்கையில்லாத டொமைனில் உள்ள மேனேஜ்மென்ட் பாயின்ட்டுக்கென்று தனியாக ஓர் இணைப்புக் கணக்கைக் குறிப்பிடும் வசதி இருக்கிறது, அதுவும் விண்டோஸ் கணக்குதான். அதற்குக் குறைந்தபட்ச உரிமை மட்டும் கொடுங்கள், நேரடியாக உள்நுழையும் உரிமையைக் கொடுக்காதீர்கள்.

அக்டோபர் 14

இந்த மாதத் திருத்தங்களில் சிவிஇ-2024-43468 என்ற எண்ணில் கான்ஃபிகரேஷன் மேனேஜரின் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டிருக்கிறது. எந்த அடையாளமும் காட்டாத ஒருவர் மேனேஜ்மென்ட் பாயின்ட்டுக்கு அனுப்பும் வேண்டுகோளுக்குள் எஸ்க்யூஎல் கட்டளையைச் செருகிவிட முடியும் என்பது அதன் சாரம். தாக்குபவர் தரவுத்தளத்தின் வாசலுக்கே வருவதில்லை. ஏற்கெனவே முறையாக உள்ளே போய்வரும் ஒருவரின் கையில் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார். நாம் இவ்வளவு நாள் பேசிய தேர்வு இங்கே உதவாது, திருத்தம் ஒன்றுதான் வழி. ஸ்லாமர் பற்றி எழுதியதை மறுபடி எழுதுவதுபோல் இருக்கிறது.

அக்டோபர் 15

விண்டோஸ் முறையின் மீதே நடக்கும் தாக்குதல் ஒன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தரவுத்தளம் தனி இயந்திரத்தில் இருக்கும்போது, சைட் சர்வரைத் தந்திரமாகத் தூண்டித் தன் இயந்திரத்தோடு என்டிஎல்எம்-இல் பேசவைக்கும் தாக்குபவர், அந்த உரையாடலை அப்படியே எஸ்க்யூஎல் சர்வருக்குத் திருப்பிவிட முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். எஸ்க்யூஎல் சர்வர் பார்ப்பது சைட் சர்வரின் கணினிக் கணக்கை, அந்தக் கணக்கோ சிஸ்அட்மின். கடவுச்சொல் எதையும் உடைக்காமலேயே முழு அமைப்பும் கைமாறுகிறது.

சைட் சர்வர் கெர்பெரோஸில் போவதை உறுதிசெய்துவிட்டால் இது நடக்காது என்று சிலர் எண்ணக்கூடும். அது தாக்குபவரைத் தடுக்காது, ஏனென்றால் எந்த முறையில் பேசுவது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் அவர். எஸ்க்யூஎல் சர்வர் என்டிஎல்எம்-ஐ ஏற்கும்வரை வழி திறந்திருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்ற கருவியில் (பெயர் ஒத்திருந்தாலும் நாம் பேசும் மென்பொருள் அல்ல, எஸ்க்யூஎல் சர்வரின் அமைப்புக் கருவி) எக்ஸ்டெண்டட் புரொடக்‌ஷன் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. தொடக்கத்தில் அது அணைந்த நிலையில் இருக்கும். அனுமதி, கட்டாயம் என்று இரண்டு படிகள் உண்டு. கட்டாயம் என்று வைத்தால்தான் இந்தத் தாக்குதல் நிற்கும். பழைய டிரைவர்களோடு வரும் நிரல்களை அது வெளியே தள்ளிவிடும் என்பதால், சோதனைச் சூழலில் வைத்துப் பார்த்துவிட்டு நகர்த்துங்கள். கான்ஃபிகரேஷன் மேனேஜர் 2309 பதிப்பிலிருந்து ஓடிபிசி 18 என்ற தரவுத்தள இணைப்பு டிரைவரை எதிர்பார்க்கிறது. ஆகவே மென்பொருளின் பக்கத்தைவிட, சைட் தரவுத்தளத்திலிருந்து நேரடியாக அறிக்கை எடுக்கும் சொந்தக் கருவிகளின் பக்கம்தான் சிக்கல் வரக்கூடும்.

2025 ஜனவரி 20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். விண்டோஸ் மட்டும் முறைக்கு மாற்றிவிட்டார்கள். கான்ஃபிகரேஷன் மேனேஜர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆனால் எஸ்க்யூஎல் பிழைப் பதிவில் நிமிடத்துக்கு ஒருமுறை 18456 பிழை, தீவிரம் 14, நிலை 58 என்று ஒரு வரி வந்துகொண்டிருக்கிறதாம். இணைய முயலும் நிரலோ நிலை 1 என்று மட்டும் காட்டுகிறதாம். எது உண்மை என்று கேட்கிறார்.

இரண்டும் உண்மை. உள்ளே வர முடியாதவருக்குக் காரணத்தைச் சொல்லக் கூடாது என்பதால், வெளியே அனுப்பும் செய்தியில் நிலையை எப்போதும் 1 என்றே சர்வர் காட்டும். உண்மையான நிலை சர்வரின் சொந்தப் பதிவில் மட்டும் இருக்கும். 58 என்றால், விண்டோஸ் மட்டும் ஏற்கும் சர்வரில் எஸ்க்யூஎல் லாகினோடு யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். 8 என்று இருந்திருந்தால் கடவுச்சொல் தவறு, 5 என்றால் அப்படி ஒரு லாகினே இல்லை. அதே வரியின் கடைசியில் கிளையன்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஐபி முகவரி இருக்கும்; அந்த இயந்திரத்தில் தரவுத்தளத்தைக் கண்காணிக்கும் ஏஜென்ட் ஏதாவது எஸ்ஏவின் பெயரில் அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட்டின் சேவைக் கணக்கை ஒரு டொமைன் கணக்காக மாற்றி, எஸ்க்யூஎல்-இல் வியூ சர்வர் ஸ்டேட் உரிமையை மட்டும் கொடுத்தால் பெரும்பாலான கண்காணிப்புக் கருவிகளுக்குப் போதும். சிஸ்அட்மின் கட்டாயம் என்று விற்பனையாளர் சொன்னால், எந்தக் கட்டளைக்காக என்று எழுத்தில் கேளுங்கள்.

ஜனவரி 21

ஏஜென்ட்தானாம், எஸ்ஏவின் பெயரில்தானாம். இனி வெற்றிபெற்ற உள்நுழைவுகளின் தணிக்கையை அணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். அணைக்கலாம், சைட் சர்வர் நாளெல்லாம் உள்ளே போய் வெளியே வருவதால் பதிவேடு வீணாகப் பருத்துக்கொண்டிருக்கும். தோல்வியுற்றவற்றின் பதிவை மட்டும் விட்டுவையுங்கள். தணிக்கை அமைப்பை மாற்றினாலும் சேவையை மறுதொடக்கம் செய்தால்தான் நடைமுறைக்கு வரும். அடுத்த மாதத் திருத்தத்துக்காக இயந்திரத்தை நிறுத்தும்போது சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.